பதினெட்டு நிமிடத்திற்கு ஒருமுறை

வானில் திடீரெனத் தோன்றி மறையும் வானொலி மூலங்களை நாம் பழைய பதிவுகளிலும் தேடலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் தொலைநோக்கி 70 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண்களை ஏற்கிறது. நம் பண்பலை ஒலிபரப்பும் அதற்குள் அடங்குவதால், மனித அரவம் குறைந்த வறண்ட நிலம் அதற்கு வேண்டியிருந்தது. 2018இல் அங்குப் பதிவான தரவுகளைக் கர்ட்டின் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பின்னர் மீண்டும் எடுத்தார். வானின் ஒரே பகுதியைக் காட்டும் இரு பதிவுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், மாறாதவை நீங்கி, மாறியது எஞ்சும். அவ்வாறு எஞ்சிய ஒரு மூலம், ஏறக்குறைய 18 நிமிடத்திற்கு ஒருமுறை, ஒரு நிமிடம்வரை அலை வீசியிருந்தது. துடிப்பு விண்மீன்கள் பெரும்பாலும் சில நொடிகளுக்குள் ஒரு சுற்றை முடிப்பவை. இத்துணை மெல்லச் சுழல்வதொன்று வானொலி அலை வீசுமென எவரும் எளிதில் எதிர்பாரார். நியூட்ரான் விண்மீனோ, வெள்ளைக் குள்ள விண்மீனோ, வினா நம்முன் நிற்கிறது. 2018 ஜனவரி முதல் மார்ச் வரை துடித்த அது, 2022 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரை வெளிவருமுன்பே அடங்கிவிட்டது.