பெரிய துண்டு யாருக்கு?

கோடை விடுமுறை வந்துவிட்டால், சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மாம்பழம் குவிந்து கிடக்கும். வீட்டுக்கு வீடு டி.வி. அலறும். பிள்ளைகள் கண் கொட்டாமல் கார்ட்டூன் பார்ப்பார்கள்.

அம்மா மாம்பழம் நறுக்கி வருவாள். "பெரிய துண்டு தம்பிக்கு. நீ கொட்டையை எடுத்துக்கோ" என்பாள் மகளிடம்.

இந்தத் துண்டுச் சண்டை ஒரு கார்ட்டூன் படத்திலேயே வந்திருக்கிறது! அதைச் சொல்லுமுன், கார்ட்டூன் பெண்கள் பட்ட பாட்டைப் பார்ப்போம்.

சமையல்கார ராஜகுமாரி

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி எடுத்த முதல் முழு நீளக் கார்ட்டூன் படம், 'ஸ்னோ ஒயிட்'. 1937-ல் வந்தது. கதாநாயகி ராஜகுமாரி. ஆனாலும், காட்டில் ஏழு குள்ளர்களுக்குச் சமைக்கிறாள், வீடு பெருக்குகிறாள். விஷ ஆப்பிளைக் கடித்து மயங்கி விழுகிறாள். ராஜகுமாரன் வந்து முத்தமிட்டால்தான் எழுந்திருப்பாள்!

அந்த நாளில் டிஸ்னி ஸ்டூடியோவில் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த வேலை, ஆண்கள் வரைந்த கோட்டின் மேல் மை போடுவதும், வர்ணம் தீட்டுவதும்தான். கதை கட்டியவர்களும் பெரும்பாலும் ஆண்கள். கதாநாயகி தானாக எப்படி எழுந்திருப்பாள்?

காலம் மாறியது. 1998-ல் 'முலான்' வந்தாள். தகப்பனாருக்குப் பதிலாக, ஆண் வேடம் போட்டுப் போருக்குப் போனாள். 2013-ல் வந்தது 'ஃப்ரோசன்'. அதில் தங்கையைப் பிழைக்க வைப்பது காதலன் முத்தம் அல்ல. அக்காள் மேல் அவள் வைத்த பாசம். படத்தை இயக்கிய இருவரில் ஒருவர் ஜெனிபர் லீ என்ற பெண். அந்த ஸ்டூடியோவின் முழு நீளப் படத்தை ஒரு பெண் இயக்கியது அதுவே முதல் தடவை.

லட்டும் சுட்கியும்

நம் நாட்டுக் கதை என்ன? ஐதராபாத்தில் உருவான 'சோட்டா பீம்' 2008-ல் டி.வி.க்கு வந்தான். லட்டுத் தின்றால் அவனுக்குப் பலம் வரும். லட்டுக் கொடுப்பவள், தோழி சுட்கி. அவளும் தைரியசாலிதான். பீம் லட்டுத் தின்பதில் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு நாளாவது, அவன் லட்டுப் பிடித்து அவள் தின்னக் கூடாதா?

கேள்வி கேட்ட மீனா

பீமுக்கு முன்பே, 1990-களில், இதைக் கேட்டவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் மீனா.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிறுவனமான யூனிசெப், தெற்காசியப் பெண் குழந்தைகளுக்காக எடுத்த கார்ட்டூன் அது. மீனாவுக்கு உருவம் கொடுத்தவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவர்! மேல் படிப்புக்குப் பம்பாய் போனவர், 1956-ல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். 2019-ல் காலமானார்.

மீனா கிராமத்துச் சிறுமி. ஒரு கதையில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அவள் தன் கிளி மிட்டுவை அனுப்பினாள்! கிளி படித்து வந்து சொல்ல, இவள் எண்ணக் கற்றாள். கோழிகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. திருட்டு வெளிப்பட்டது.

இன்னொரு கதைதான் மாம்பழக் கதை. வீட்டில் பெரிய துண்டு அண்ணன், தம்பி என்ற பேச்சே இல்லாமல் பையன் ராஜுவுக்கு. சாப்பாடும் அவனுக்கே அதிகம். "ஏன்?" என்றாள் மீனா. அவனுக்கு வேலை அதிகமாம்!

ஒரு நாள் இருவரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள். மீனாவின் வேலைகளைச் செய்த ராஜுவுக்கு இடுப்பு ஒடிந்தது. மீனாவின் பங்குச் சாப்பாடு போதவில்லை. பசி!

அப்புறம்தான் அந்த வீட்டில், இருவருக்கும் ஒரே அளவு சாப்பாடு விழுந்தது.