நிகழும் ஆராய்ச்சியும் வெளியீட்டின் அளவும்

முனைவர்ப் பட்டத்தின் பொருட்டு ஆராய்வோர், முடியாத ஆராய்ச்சியைப் பிறர்க்கு எவ்வளவு திறந்து காட்டலாம் என ஐயுறுதல் இயல்பு. முற்றும் மறைப்பின் பிழை திருத்துவார் இலர். முற்றும் திறப்பின் உழைப்பின் பயனைப் பிறர் கொள்ளவுங் கூடும்.

காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் நடுவம் இதற்கு இரு வாயில்களை அமைத்துள்ளது. முடிந்த ஆய்வேடுகள் சோத்கங்காவிலும், நிகழும் ஆராய்ச்சிகளின் சுருக்கங்கள் சோத்கங்கோத்திரியிலும் வைக்கப்பெறும். கங்கோத்திரி கங்கையின் தோற்றுவாய். ஆண்டுப் பொருளும் எல்லையும் தெரிந்தாற் போதும் என்பது பெயராற் பெறப்படும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டின் மின்படியை அந்நடுவத்திற்கு அளிக்கப் பணிக்கின்றன. ஆகலின் ஆய்வேடு வெளிப்படுதல் உறுதி. அதற்கு முன்னுள்ள காலமும் அளவுமே ஆராயற்பாலன.

கிருட்டிணகிரி மாவட்டத்து மத்தூரிலிருந்து ஆராய்வார் இருவர் உளராகக் கொள்க. ஒருவர் ஓசூர்த் தொழிற்சாலைகட்குரிய புதுக்கருவி யொன்றை ஆக்குபவர். 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பத்திற்கு முன் வெளிப்பட்டது புதுமை இழக்கும். கற்றோர் கழகத்திற் படித்த கட்டுரைக்கு 12 திங்கள் விலக்குண்டு. அஃது எல்லா வெளியீட்டிற்கும் பொருந்தாது. ஆதலின் அவர் விண்ணப்பித்தபின் உரைத்தலே தக்கது.

மற்றவர் அம்மாவட்டத்து நடுகற்களை ஆராய்பவர். கல்லெழுத்தின் வாசகம் பலர் நோக்கத் திருந்தும். ஆயினும் காவலற்ற கல்லின் இருப்பிடத்தைப் பறையறைதல் களவுக்கு வழியாம்.

ஏட்டுப்பாட ஆராய்ச்சிக்கும் இஃது ஒக்கும். கண்ட பாடத்தை நாட்குறிப்புடன் வெளியிடின் கண்டார் உரிமை நிலைபெறும், பிழையும் நீங்கும். முடிபினையோ, நெறியாளரோடு ஆய்ந்து முதிர்ந்தபின் வழங்குதலே முறையாம்.