தண்ணீரை மேடையேற்றிய கோமல் சுவாமிநாதன்

கேணி என்பது நீர்நிலையைக் குறிக்கும் சொல். நெடுங்கேணி என்னும் ஊர்ப் பெயரிலேயே நீர் நிற்கின்றது. மாரி பொய்த்துக் குளம் வற்றினால் காலபோகம் இல்லை என்பதை வன்னி மக்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய நீர்ப் பஞ்சத்தையே பொருளாகக் கொண்டு நாடகம் இயற்றி, அதனைத் திரைக்கும் கொண்டு சென்றவர் தமிழகத்துக் கோமல் சுவாமிநாதன். அவர் வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது.

1935ஆம் ஆண்டிற் பிறந்த அவர், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவில் நாடகமும், இயக்குநர் கே. எஸ். கோபாலகிருஷ்ணனிடம் திரைத்தொழிலும் பயின்றார். 1971இல் ஸ்டேஜ் பிரண்ட்ஸ் என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். அக்காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் சிரிப்பும் சிக்கலுமே சென்னைச் சபாக்களில் பெரிதும் விரும்பப்பட்டன. கோமலும் அவ்வழியிற் சென்று புகழ் பெற்றவரே. அவருடைய நவாப் நாற்காலி என்னும் நகைச்சுவை நாடகம் 1972இல் திரைப்படமாயிற்று.

அவ்வெற்றியோடு அவர் அமைந்துவிடவில்லை. 1980இல் 'தண்ணீர் தண்ணீர்' மேடையேறிற்று. நீரற்ற கிராமம் ஒன்றுக்குச் சட்டத்திற்கு அஞ்சி ஓடிவந்த ஒருவன், மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊரைக் காக்கின்றான். ஊரார் தாமே கால்வாய் வெட்ட முனைகின்றனர். அதிகாரம் குறுக்கே நிற்கின்றது. இங்கே கொடியவன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் அமைதி கொள்ள முடியாது. தாகத்தின் வேகத்திற்கு அரசாங்கக் கோப்பு நகர்வதில்லை என்பதே அதன் கொடுமை.

1981இல் கே. பாலசந்தர் அதனைப் படமாக்கினார், வசனம் கோமலுடையது. மேடையில் வறட்சியைச் சொல்லாலேயே உணர்த்த வேண்டும். திரையோ வெடித்த நிலத்தையும் வெறுங்குடத்தையும் கண்முன் நிறுத்தியது. எனினும் இரண்டிற்கும் உயிராய் நின்றது கிராமத்து மக்களின் பேச்சே. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என இரு தேசிய விருதுகளை அப்படம் பெற்றது. பின்னர்க் கோமலே இயக்கிய 'ஒரு இந்தியக் கனவு' 1983ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. 1991 முதல் 'சுபமங்களா' இதழின் ஆசிரியராக இருந்து, ஈழத்து எழுத்தாளருக்கும் அதில் இடமளித்தார். 1995இல் மறைந்தார்.

ஆங்கில நாடகாசிரியர் பேர்னாட் ஷா, தமது 'பிக்மேலியன்' நாடகத்தின் 1938ஆம் ஆண்டுத் திரைவடிவத்திற்காக ஒஸ்கார் பரிசு பெற்றவர். தெருவிற் பூ விற்கும் பெண்ணின் பேச்சிலிருந்து பிறந்த நாடகம் அது. பாடசாலை மேடைக்கு நாடகம் எழுத விழையும் நம் பிள்ளைகள் அரசவைகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தத்தம் ஊர்க் குளக்கட்டில் மக்கள் என்ன பேசுகின்றனர் என்று செவிசாய்ப்பார்களாயின், எழுதுவதற்கு உரிய பொருள் அங்கேயே கிடைக்கும்.