ஒரே வாய்க்காலில் பிறந்த சொல்

போட்டியாளரையும் எதிராளியையும் குறிக்க ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ‘ரைவல்’ என்ற சொல், ஓடையையும் வாய்க்காலையும் சுட்டும் ‘ரீவுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதிலிருந்து பிறந்த ‘ரீவாலிஸ்’ என்பது ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவரைக் குறித்தது. அத்தகையோரிடையே எழும் நீர்ப்பிணக்கு குறித்து உரோமச் சட்ட அறிஞர் உல்பியன் எழுதியது, பேரரசர் யஸ்டினியன் காலத்தில், 533இல் வெளிவந்த ‘டைஜெஸ்ட்’ என்னும் சட்டத்தொகுப்பின் 43ஆம் நூலில் இடம்பெற்றுள்ளது. உல்பியனுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னரே நாடகாசிரியர் பிளாட்டஸ், ஒரே பெண்ணை விரும்பும் இருவரை இச்சொல்லால் அழைத்துவிட்டார். எனினும் பகிர்தல் என்ற பழம்பொருள் முற்றாக மறையவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இரவுக் காவலில் உடன் நிற்கும் தோழர்களையே ‘ரைவல்’ என்ற சொல் குறிக்கிறது. தமிழிலும் பங்குடையவன் என்று பொருள்படும் ‘பங்காளி’, ‘பங்காளிச் சண்டை’ என்ற வழக்கில் பகையின் சாயலைப் பெற்றுள்ளது.

பகிர்தல், பகை என்ற இவ்விரு பொருளும் உயிரோடு விளங்கும் நிலம் இலங்கையின் வெருகல். 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலியின் பிரதான கிளை கொட்டியாரக் குடாவில் கலக்க, மற்றொரு கிளையான வெருகலாறு திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், சித்திரவேலாயுதர் கோயிலை ஒட்டி ஓடிக் கடலை அடைகிறது. இந்த ஆற்றுநீரை வயல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மாவிலாற்றின் கதவுகள் 2006 ஜூலையில் மூடப்பட்டபோது, தமிழ், முஸ்லிம், சிங்களக் கமக்காரர் வாழும் பகுதியில் நீர் நின்றதோடு, அதுவே நாட்டின் உள்நாட்டுப் போர் மீண்டும் முழுமையாக வெடிக்கும் தறுவாயாகவும் அமைந்தது.

ஆனால் அதே நீர் மனிதரை ஒரே இடத்தில் அமரவும் வைக்கிறது. நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கூடும் ஆரம்பக் கூட்டத்தில், விதைப்பு நாளும் நீர் திறக்கும் நாளும் கமக்காரர் முன்னிலையில் முடிவு செய்யப்படுகின்றன. நீர் குறைந்தால் முறைவைத்துப் பாய்ச்சி, வாய்க்காலின் கடைசி வயலுக்கும் பங்கு சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த முறை பிழைக்கும் இடத்தில்தான் பங்காளர் எதிராளி ஆகிறார். ஆகவே ஆற்றைப் பகிரும் மக்களிடையே பிணக்கு எழுவது வியப்பன்று. அதைத் தீர்க்கும் கூட்டத்தையும் முறையையும் எந்தக் காலத்திலும் கைவிடாமல் காப்பதே அவர்களின் முதற் கடமை.