மேடேறும்போது மட்டும் திக்கும் எஞ்சின்

மழை ஓய்ந்த காலை. காய்கறி மூட்டைகளை ஏற்றிய பெட்ரோல் பிக்கப் வண்டி ஒன்று நங்கநல்லூரிலிருந்து பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் மேடேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி மேட்டில் எஞ்சின் திக்கிக் குலுங்குகிறது. சமதரைக்கு வந்ததும் சரியாகிவிடுகிறது. பட்டறையில் நிறுத்தினாலோ சீராக ஓடுகிறது! "மிஸ் ஆகுது" என்று ஓட்டுநர் சொல்வதை மெக்கானிக் எப்படி நம்புவார்?

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றவேண்டும். மொத்தம் 100 முறை. இவற்றில் சில தவறினாலே குலுக்கல் தெரியும்.

ஏன் மேட்டில் மட்டும் தவறுகிறது? ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. பொறி அதைத் தாண்டுவதற்காக, பாட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பாரம் இழுக்க ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று மிகுதியாகப் புகுகிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பொறி பாய இன்னும் அதிக வோல்ட் தேவை. ஜெர்மானிய இயற்பியலறிஞர் பாஷன் 1889இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுவே. மின்சாரம் எளிய வழியை நாடும் அல்லவா? காயிலின் உறையில் மயிரிழை வெடிப்பும் அதில் ஈரமும் இருந்தால், பிளக்கைத் தாண்டுவதைவிட வெடிப்பு வழியே எஞ்சின் உடலுக்குப் பாய்வது சுலபமாகிவிடும். நிற்கும் வண்டியில் பிளக்கே எளிய வழி. ஆகவே பட்டறையில் கோளாறு ஒளிந்துகொள்கிறது.

எனவே, எப்போது திக்குகிறது என்று முதலில் குறித்துவையுங்கள். மேட்டில் சரியாக ஓடி, நிற்கும்போது மட்டும் திக்கினால், காற்று எங்கோ கசிந்து உள்ளே புகுவதாக ஐயுறலாம். மேடுபள்ளத்தில் மட்டும் என்றால், ஒயர் இணைப்புகளை அசைத்துப் பாருங்கள்.

இன்றைய வண்டிகளில் எந்த சிலிண்டர் தவறியது என்பதைக் கணிப்பொறியே, சுழல்வேகம் கணநேரம் தளர்வதிலிருந்து கண்டுபிடித்துவிடும். 'பி 0302' என்றால் இரண்டாவது சிலிண்டர். ஆனால் காரணத்தை அது சொல்லாது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியானால், எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம்மாற்றுங்கள். அதே பாரத்துடன் அதே மேட்டில் ஓட்டுங்கள். இப்போது 'பி 0303' வந்தால் குற்றவாளி காயில்தான். வராமல் 'பி 0302' என்றே நின்றால், அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் சோதனை. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிதாக மாற்றுவோரும் உண்டு. பணம் போகும், காரணம் தெரியாது.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் இந்தச் சோதனை ஓட்டம் வேண்டாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றிக்குள் சென்று எரிந்து, அதன் பீங்கான் கூட்டையே உருக்கிவிடக்கூடும். அதன் விலை ஒரு காயிலின் விலையைப்போலப் பல மடங்கு.