நீல ரிப்பன் எந்த மாட்டுக்கு?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடக்கே டாப்ஸ்ஃபீல்டு என்று ஒரு சிறிய ஊர். அக்டோபர் பிறந்து மேப்பிள் இலைகள் சிவக்கும் நாட்களில் அங்கே பெரிய வேளாண் கண்காட்சி நடக்கும். அந்த மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறையோடு முடியும். முதல்முறை போகிறவர்கள் பலர் ராட்டினத்தையும் தின்பண்டக் கடைகளையும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கண்காட்சியின் உயிர் தொழுவத்திலும் காய்கறிக் கூடத்திலும் இருக்கிறது. நேரே அங்கே போங்கள்.

இதை நடத்தும் எஸெக்ஸ் வேளாண் சங்கம் 1818-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1807-இல், அதே மாநிலத்தின் மேற்கே பிட்ஸ்ஃபீல்டில் எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ ஆடுகளை ஊர்ப் பொதுவிடத்தில் நிறுத்திக் காட்டினார். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. நல்ல ஆட்டைக் கண்ணால் பார்த்த உழவருக்குத் தானும் அப்படி வளர்க்க வேண்டும் என்று தோன்றும். பரிசும் வைத்தால் அந்த ஆசை சூடுபிடிக்கும். அமெரிக்க வேளாண் கண்காட்சிகள் இந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தவை.

ஆகவே, தீர்ப்பு சொல்லும் இடத்தில் சற்று நேரம் உட்காருங்கள். கறவை மாட்டுப் போட்டி என்றால் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை போட்டவர்கள் மாடுகளை வட்டமாக நடத்தி வருவார்கள். நடுவர் மடியைத்தான் அதிகம் பார்ப்பார். அமெரிக்காவில் கறவைப் பசுவுக்கான 100 மதிப்பெண்ணில் 40 மடிக்கே போகிறது. மடி தொங்காமல் உடலோடு ஒட்டி உயர்ந்திருந்தால் மிதிபடாது, காயம் படாது, பசு பல ஈற்றுக்குக் கறக்கும். கால், குளம்பு, முதுகு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வரிசைப்படுத்தி முடித்ததும் நடுவர் மைக்கை வாங்கி, முதல் மாடு இரண்டாவதை எதில் வென்றது என்று காரணம் சொல்வார். ரிப்பனை விட அந்தச் சில நிமிடப் பேச்சுதான் பெரிய பாடம்.

சிறுவர் போட்டிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அதில் மதிப்பெண் மாட்டுக்கு இல்லை, அதைப் பிடித்து நடத்தும் பிள்ளைக்கு. முரண்டு பிடிக்கும் கிடேரியைப் பதறாமல் வழிக்குக் கொண்டுவரும் பிள்ளையை நடுவர் கவனித்துக்கொண்டே இருப்பார்.

காய்கறிக் கூடத்தில் பெரிய தக்காளி தோற்று, நடுத்தரத் தக்காளி நீல ரிப்பனோடு இருக்கும். நீலம்தான் அங்கே முதல் பரிசு. தட்டில் வைத்த காய்கள் அளவிலும் நிறத்திலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஒரு காயை அதிர்ஷ்டம் தரலாம். ஒரே மாதிரி ஐந்து காய்க்கு வளர்த்தவரின் கை வேண்டும்.

அளவுக்கே பரிசு என்றால் அது ராட்சதப் பூசணிக்குத்தான். 2012-இல் ரான் வாலஸ் இங்கே கொண்டுவந்த பூசணி 2,009 பவுண்டு, அதாவது 911 கிலோ. உலகில் 2,000 பவுண்டைத் தாண்டிய முதல் பூசணி அதுதான். இவ்வகைப் பூசணிகளின் மூலம், கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜயன்ட்' ரகம். கையால் மகரந்தம் தொட்டுவைத்து, ஒரு கொடிக்கு ஒரே பிஞ்சை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார்கள். கொடியின் கணுக்களை மண்ணில் புதைத்து அங்கங்கே வேர்விடச் செய்வார்கள். வேகமாகப் பருக்கும்போது தோல் வெடித்து, வெடிப்பு உள்ளே குழிவரை போய்விட்டால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். ஒரு கோடைகால உழைப்பு அதோடு போயிற்று.

எருதுகளின் இழுவைப் போட்டி நடந்தால் தவறவிடாதீர்கள். நுகம் பூட்டிய ஜோடி, கான்கிரீட் கட்டைகள் ஏற்றிய சறுக்குப் பலகையை இழுக்கும். ஓட்டுபவர் 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம் திரும்பும்.

முடிந்தால் வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். குளிருக்கு ஒரு மேலுடுப்பும் விரல் மூடிய செருப்பும் வேண்டும். மாட்டின் பின்னால் நிற்காதீர்கள். தொடுவதற்கு முன் உரியவரைக் கேளுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், குழந்தைகள் விஷயத்தில் இது கண்டிப்பு, தொழுவத்திலிருந்து ஈ.கோலை கிருமி தொற்ற வழி உண்டு. தொழுவத்தில் இருப்பவரிடம் தீவனம் என்ன, எத்தனையாவது ஈற்று என்று தயங்காமல் கேளுங்கள். வளர்த்தவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.