மீனின் செவுளில் ஒரு சல்லடை

மீன் வெட்டும்போது நாம் முதலில் வீசுவது செவுளைத்தான். வீசுமுன் பிள்ளைகளுக்கு அதை ஒருமுறை காட்டுங்கள். வில் போன்ற எலும்பின் வெளிப்புறத்தில் சிவப்பு இழைகள் இருக்கும். நீரிலுள்ள ஒட்சிசனை எடுப்பவை இவையே. உட்புறத்தில் சீப்புப் பற்கள்போல் முட்கள். நீர் செவுளால் வெளியேறும்போது இரை தப்பாமல் தடுப்பவை இவை. மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும் சூடையில் இம்முட்கள் மெல்லியவை, நெருக்கமானவை. மீன்களை விழுங்கும் சீலாவில் இல்லையென்றே சொல்லலாம். ஒரு பூதக்கண்ணாடி போதும், மீனின் உணவை ஊகித்துவிடலாம்.

எமது கொலோன் நகரின் றைன் நதியிலும் சூடைக்குத் தூரத்து உறவு ஒன்றுண்டு. முட்டையிட மே மாதமளவில் கடலிலிருந்து வருவதால் அதற்கு 'மைஃபிஷ்', அதாவது மே மீன், என்று பெயர். வளர்ந்த மீனின் முதலாவது செவுள் வில்லில் 90க்கும் மேற்பட்ட முட்கள் உண்டு.

மிதமிஞ்சிய மீன்பிடி, அணைகள், கழிவுநீர் ஆகியவற்றால் 20ஆம் நூற்றாண்டில் இம்மீன் றைனிலிருந்து மறைந்தது. 1986இல் பாசல் அருகே இரசாயனக் களஞ்சியம் எரிந்து நதி நஞ்சானபோது விலாங்குகளும் பெருந்தொகையாக மடிந்தன. பின்னர் நதியைச் சுத்தமாக்கும் முயற்சி தீவிரமானது. 2008 முதல் பிரான்சிலிருந்து வந்த மே மீன் குஞ்சுகள் விடப்பட்டன. 2014இல் வளர்ந்த மீன்கள் நதியேறித் திரும்பின.

மீன் உண்பதும் மூச்சுவிடுவதும் செவுளைக் கடக்கும் ஒரே நீரால்தான். அந்த நீர் கெட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.